ஆற்றுப் படகுப் போட்டிக்கு முதல்முறை அணி கொண்டுபோகிறீர்களா? கரையிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

ஆற்றில் நடக்கும் துடுப்புப் படகுப் போட்டிக்கு ஒரு அணியைப் பத்திரமாகக் கொண்டுபோய், ஓட வைத்து, திரும்ப அழைத்து வருவது தனி வேலை. அந்தப் பொறுப்பு எனக்கு வந்தபோது யாரைக் கேட்டாலும் துண்டு துண்டாகத்தான் தகவல் கிடைத்தது. விதிகள் ஒரு ஆவணத்தில், ஆற்று வரைபடம் இன்னொன்றில், படகுச் சோதனை விவரம் வேறெங்கோ. மிச்சமெல்லாம் பழைய ஆட்களின் தலைக்குள். தேடித் தேடிச் சேர்த்ததை வரிசைப்படுத்தி இங்கே தருகிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

இங்கே பேசுவது ‘ஹெட் ரேஸ்’ வகைப் போட்டியைப் பற்றி. படகுகள் சில நொடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும், எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து முடிவு சொல்வார்கள். பாஸ்டனில் நடக்கும் ஹெட் ஆஃப் தி சார்ல்ஸ் சுமார் 4.8 கிலோமீட்டர், லண்டனில் தேம்ஸ் ஆற்றில் நடக்கும் ஹெட் ஆஃப் தி ரிவர் ரேஸ் சுமார் 6.8 கிலோமீட்டர். உங்கள் போட்டி இதைவிடச் சின்னதாக இருக்கலாம், ஆனால் ஆபத்தின் தன்மை ஒன்றுதான். வளைந்து போகும் ஓர் ஆறு, அதில் ஒரே நேரத்தில் பல படகுகள், துடுப்புப் போடுகிறவர்கள் அத்தனை பேரும் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள்.

1. படகில் ஏறாத ஒருவரைப் பொறுப்பாளராகப் போடுங்கள்

இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். பயிற்சியாளரோ, மூத்த உறுப்பினரோ, யாராக இருந்தாலும் சரி, அன்றைக்கு அவர் துடுப்பைத் தொடக் கூடாது. படகில் உட்கார்ந்திருக்கும் ஆளால் போனை எடுக்க முடியாது, மாறிய நேர அட்டவணையைப் பார்க்க முடியாது, அமைப்பாளர்கள் நடத்தும் கூட்டத்துக்கும் போக முடியாது.

அவருக்கு ஓர் அதிகாரம் வேண்டும்: “இன்றைக்கு நாம் இறங்கவில்லை” என்று சொல்லும் அதிகாரம். அமைப்பாளர்கள் போட்டியை நடத்தலாம் என்று முடிவு செய்தாலும், உங்கள் அணிக்கு அந்த நீரோட்டம் ஒத்துவருமா என்பது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. ஆறு மாத அனுபவமுள்ள அணியும் பத்து வருட அனுபவமுள்ள அணியும் ஒரே ஆற்றில்தான் இறங்குகின்றன. இந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைப் போட்டிக்குச் சில வாரங்கள் முன்பே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். காலையில், பணம் கட்டி, தூரம் பயணம் செய்து வந்து நிற்கும்போது அதைப் பேச ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும்.

2. ஆவணங்கள்: இரண்டு மாதம் முன்பே ஆரம்பியுங்கள்

பதிவு திறக்கும் தேதி, மூடும் தேதி, ஆள் மாற்றத்துக்கான கடைசி நேரம். இந்த மூன்றையும் முதலில் நாட்காட்டியில் குறியுங்கள். பெரிய போட்டிகளில் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். சிலவற்றில் குலுக்கல் முறையும் உண்டு.

பொதுவாகக் கேட்கப்படுபவை: ஒவ்வொருவரின் சங்க உறுப்பினர் எண் அல்லது போட்டி உரிமம், வயதுச் சான்று, அவசரத் தொடர்பு எண், காப்பீட்டு விவரம். 18 வயதுக்குக் கீழே யாராவது இருந்தால் பெற்றோர் ஒப்புதல் படிவமும், கூடவே வரும் பொறுப்பான பெரியவரின் பெயரும் கேட்பார்கள். சிலர் உங்கள் கிளப்பின் பாதுகாப்புத் திட்டத்தையும் கேட்பார்கள். அப்படி ஒன்று இல்லை என்றால் ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: என்னென்ன ஆபத்து, அதைக் குறைக்க என்ன செய்கிறோம், நடந்துவிட்டால் யார் யாரைக் கூப்பிடுவார்கள்.

பெயர்ப் பட்டியலில்தான் பலர் மாட்டுகிறார்கள். கடைசி நாளில் ஒருவருக்குக் காய்ச்சல் வருகிறது, இன்னொருவர் ஏறுகிறார், பட்டியல் மட்டும் பழையதாகவே இருக்கிறது. படகு கவிழ்ந்தால் மீட்புக் குழுவின் கையில் இருப்பது அந்தப் பட்டியல்தான். தண்ணீரில் இல்லாத ஆளைத் தேடுவார்கள். இருக்கும் ஆளைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. ஆள் மாறினால் அதற்கான படிவத்தை நிரப்பிக் கொடுத்த பிறகே படகை எடுங்கள்.

மருத்துவ விவரத்தையும் கேட்டு வையுங்கள். ஆஸ்துமா, வலிப்பு, நீரிழிவு, ஒவ்வாமை இருந்தால் பொறுப்பாளருக்குத் தெரிய வேண்டும். இன்ஹேலர் படகிலேயே, நீர் புகாத பையில் இருக்க வேண்டும். கரையில் பைக்குள் இருக்கும் இன்ஹேலரால் ஆற்று நடுவில் பயனில்லை.

நீச்சல் சான்று கேட்காத போட்டிகளும் உண்டு. கேட்காவிட்டாலும் நீங்களே சோதியுங்கள். துடுப்புப் போடும்போது அணியும் உடையிலேயே 50 மீட்டர் நீந்த வேண்டும், இரண்டு நிமிடம் மிதக்க வேண்டும், சில மீட்டர் தண்ணீருக்கடியில் போக வேண்டும். நீச்சல் குளத்தில் ஒரு மாலை வேளை போதும். கவிழ்ந்த படகுக்கு அடியிலிருந்து வெளியே வருவதையும் அங்கேயே பழகிவிடலாம்.

3. செலவு: பதிவுக் கட்டணம் ஒரு பகுதிதான்

புதியவர்கள் பதிவுக் கட்டணத்தை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து, இவ்வளவுதான் செலவு என்று முடித்துவிடுகிறார்கள். அதோடு இவற்றையும் சேருங்கள்: வெளி அணிகளுக்கான தற்காலிக உறுப்பினர் கட்டணம், படகு வாடகை, படகுக்கான முன்பணம், ட்ரெய்லர் வாடகையும் எரிபொருளும், நிறுத்தக் கட்டணம், படகுக் காப்பீடு, முதல் நாள் இரவுத் தங்கல். சில போட்டிகளில் ஒவ்வொரு கிளப்பும் மார்ஷல் வேலைக்கு (போட்டியின்போது படகுகளை ஒழுங்குபடுத்தும் வேலைக்கு) ஆள் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் கட்ட வேண்டும்.

இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலாவது, வானிலையால் போட்டி ரத்தானால் பணம் திரும்புமா என்பது. பல போட்டிகளில் முழுதாகத் திரும்பாது, ஏனென்றால் அமைப்பாளர்கள் அதற்குள் செலவழித்திருப்பார்கள். உங்கள் உறுப்பினர்களிடம் வசூலிக்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் பிறகு மனக்கசப்பு வராது. இரண்டாவது, காப்பீடு எப்போதெல்லாம் செல்லும் என்பது. தண்ணீரில் இருக்கும்போது மட்டுமா, ட்ரெய்லரில் போகும்போதுமா? வாடகைப் படகுக்கும் சேர்த்தா? எதிர்ப் படகுக்கு நம்மால் சேதம் வந்தால்? எட்டுப் பேர் ஓட்டும் பந்தயப் படகின் சுவர் மெல்லிய கார்பன் இழை. சாலையில் அடிபட்டாலும் பாலத்தில் இடித்தாலும் பழுதுச் செலவு பெரிதாகத்தான் வரும்.

4. ஆற்றைக் கணக்குப் போட்டுப் படியுங்கள்

அமைப்பாளர்கள் வரைபடம் அனுப்புவார்கள். அதைப் பார்த்தோம், மடித்து வைத்தோம் என்று விட்டுவிடக் கூடாது. அச்செடுத்து, பேனாவால் குறியுங்கள்: எந்தப் பக்கமாக மேலே போகிறோம், எங்கே திரும்புகிறோம், எந்தப் பாலத்தின் எந்த வளைவு வழியாகப் போகிறோம், எங்கே நிற்கவே கூடாது, தடுப்பணை எங்கே, அவசரமாகக் கரையேற வழி எங்கே. ஆற்றில் வலப்பக்கமாகப் போவது பொதுவான வழக்கம். போட்டி நாளில் அது மாறக்கூடும், அன்றைய வரைபடத்தில் இருப்பதுதான் விதி.

நீரோட்டத்தின் பலத்தைப் புதியவர்கள் மிகக் குறைவாக எடைபோடுகிறார்கள். ஒரு சின்னக் கணக்கு: ஆறு நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வையுங்கள். பார்வைக்கு அது சாதுவான ஆறு. எட்டுப் பேர் படகு சுமார் 17 மீட்டர் நீளம், அதை முழுதாகத் திருப்ப ஒரு நிமிடம் ஆகிறது என்றால் திரும்பி முடிப்பதற்குள் நீங்கள் 60 மீட்டர் கீழே போயிருப்பீர்கள். அந்த 60 மீட்டருக்குள் ஒரு பாலத்தூண் இருந்தால் படகு குறுக்கே போய் அதில் மோதி, இரண்டு பக்கமும் தண்ணீர் அழுத்த, அங்கேயே ஒட்டிக்கொள்ளும். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால் பாலம், தடுப்பணை, கட்டிவைத்த படகு, தண்ணீரில் விழுந்து கிடக்கும் மரம் என எந்தத் தடைக்கும் மேலே, அதை நோக்கி அடித்துச் செல்லப்படும் இடத்தில் திரும்பாதீர்கள். கடக்கக்கூடிய தடை என்றால் அதைக் கடந்து கீழே வந்த பிறகு திரும்புங்கள்.

கரையை ஒட்டும்போதும் முன்முனை நீரோட்டத்தை எதிர்த்து இருக்க வேண்டும். அப்போதுதான் ஆறே படகின் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும்.

கடைசி ஐந்து நாட்கள் தினமும் நீர்மட்ட அளவீட்டையும் வானிலையையும் பாருங்கள். உங்கள் ஊரில் மழை இல்லை என்று நிம்மதியாக இருக்க முடியாது. மேலே எங்கோ பெய்த மழை இரண்டு நாள் கழித்து வரும். இடி விஷயத்தில் பேரம் பேச இடமே இல்லை. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் கரையேற வேண்டும். கடைசி இடிச் சத்தம் கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே மறுபடி இறங்க வேண்டும்.

5. படகுச் சோதனை: இறங்கும் மேடையில் திருப்பி அனுப்பப்படாமல் இருக்க

பெரும்பாலான போட்டிகளில் படகு தண்ணீரில் இறங்கும் முன் ஒருவர் சோதிப்பார். குறை இருந்தால் இறங்க விடமாட்டார். அந்த நேரத்தில் பழுதுபார்க்க அவகாசம் இருக்காது. ஆகவே முந்தைய வாரமே நீங்கள் சோதியுங்கள்.

முன்முனையில் வெள்ளை ரப்பர் பந்து. துடுப்புப் படகு விளையாட்டின் சர்வதேச அமைப்பான வேர்ல்டு ரோயிங் விதிப்படி குறைந்தது 4 சென்டிமீட்டர் விட்டம் வேண்டும். அது உறுதியாக ஒட்டியிருக்க வேண்டும், கையால் ஆட்டினால் ஆடக் கூடாது. பந்தய வேகத்தில் வரும் படகின் கூர்முனை ஒருவர் முதுகில் இடிக்கும்போது உயிர் காப்பது இதுதான்.

படகுக்குள் பொருத்தியிருக்கும் காலணிகள். உள்ளே குனிந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒவ்வொரு குதிகாலிலிருந்தும் காலணிப் பலகைக்குத் தனித்தனிக் கயிறு இருக்க வேண்டும். கவிழும்போது கால் தானாக உருவி வெளியே வரவேண்டும் என்பதற்காகத்தான் அது. குதிகாலை மேலே இழுத்துப் பாருங்கள்: கிடைமட்டத்துக்கு மேல் எழுந்தால் கயிறு நீளம், குறைக்க வேண்டும். நைந்த கயிறு, ஒரு பக்கம் மட்டும் இருக்கும் கயிறு, இரண்டு காலணியையும் சேர்த்துக் கட்டிய கயிறு, எதுவும் செல்லாது. காலணியின் பட்டை ஒரே இழுப்பில், ஒரு கையால் திறக்க வேண்டும். அணியில் ஒவ்வொருவரையும் தன் இருக்கையில் உட்கார வைத்து, கண்ணை மூடிக்கொண்டு திறக்கச் சொல்லுங்கள்.

காற்றறைகளின் மூடிகள் இறுக்கமாக மூடியிருக்கின்றனவா பாருங்கள். படகு முழுக்கத் தண்ணீர் நிறைந்து ஆட்கள் உட்கார்ந்திருந்தாலும், இருக்கை நீர்மட்டத்துக்கு 5 சென்டிமீட்டருக்கு மேல் கீழே போகக் கூடாது என்று வேர்ல்டு ரோயிங் சொல்கிறது. மூடி ஒன்று காணாமல் போயிருந்தால் இந்தக் கணக்கே உடைந்துவிடும். டேப் ஒட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

அப்புறம் சுக்கான், சுக்கான் கயிறு, ரிக்கர் (துடுப்பைத் தாங்க படகின் பக்கவாட்டில் நீட்டியிருக்கும் சட்டம்) நட்டுகள், துடுப்பைப் பூட்டும் கேட். கருவிப் பெட்டியில் 10 மில்லிமீட்டர், 13 மில்லிமீட்டர் ஸ்பேனர்கள் இரண்டிரண்டு, உதிரி நட்டுகள், வாஷர்கள், கேட் ஒன்று, ஒட்டும் டேப் இருக்கட்டும். ஒரு ஸ்பேனரை இறங்கும் மேடைவரை கூடவே எடுத்துப் போங்கள்.

6. காக்ஸ்: அணியில் அதிகம் தயாராக வேண்டிய ஆள்

சுக்கான் பிடிக்கும் காக்ஸை இலகுவான ஆள் என்பதற்காக மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். வேர்ல்டு ரோயிங் போட்டிகளில் காக்ஸின் குறைந்தபட்ச எடை 55 கிலோ. குறைந்தால் அதிகபட்சம் 15 கிலோ வரை எடை சேர்த்து ஈடுகட்டலாம். அதனால் இலகுவான ஆள் என்பதில் பெரிய லாபமும் இல்லை. குரல் நடுங்காமல் கட்டளை கொடுப்பவர், வரைபடத்தை மனப்பாடமாகச் சொல்பவர், இந்த இரண்டும்தான் முக்கியம்.

காக்ஸ் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். எல்லா உடைக்கும் வெளியே, மேலே அணிய வேண்டும். உள்ளே போட்டால் அது ஊதும்போது மார்பை நெரிக்கும். இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது: காக்ஸ் முன்பக்கம் படுத்தபடி ஓட்டும் படகுகளில், தண்ணீர் பட்டதும் தானாக ஊதும் ஜாக்கெட்டைப் போடவே கூடாது. கவிழ்ந்ததும் அது ஊதி, அவரைப் படகின் உட்புறத்தோடு அழுத்தி, வெளியே வரவிடாமல் செய்துவிடும். அந்த வகைப் படகுக்குக் கையால் இழுத்து ஊதும் வகைதான். எந்த வகையானாலும் வாயு உருளை முழுதாகத் திருகியிருக்கிறதா, ஏற்கெனவே பயன்படுத்தியதா, காலாவதித் தேதி என்ன என்று முதல் நாளே பாருங்கள்.

“ஈஸி ஆல்” (துடுப்புப் போடுவதை நிறுத்து), “ஹோல்ட் வாட்டர்” (துடுப்பை நீரில் பதித்துப் படகை நிறுத்து), “பேக் டவுன்” (பின்னோக்கித் துடுப்புப் போடு). நிறுத்தும் கட்டளைகளைத் தனியாகப் பயிற்சி செய்யுங்கள். பந்தய வேகத்தில் ஓர் எட்டுப் பேர் படகு தன் நீளத்தை மூன்று நான்கு நொடியில் கடந்துவிடும். முழு வேகத்தில் போய், கட்டளை கேட்டதும் எத்தனை படகு நீளத்தில் நிற்கிறது என்று பயிற்சியில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். காக்ஸுக்கு அந்த எண் தெரிந்திருக்க வேண்டும். ‘ஹோல்ட் வாட்டர்’ என்றதும் ஏன், எதற்கு என்று திரும்பிப் பார்க்காமல் துடுப்பை நீரில் பதிக்க எல்லோரும் பழகியிருக்க வேண்டும்.

7. ட்ரெய்லர்

ரிக்கர்களைக் கழற்றி, எந்த இருக்கையினுடையது என்று குறித்துக் கட்டுங்கள். ஒவ்வொரு படகுக்கும் தாங்கும் கட்டைகளில் குறைந்தது இரண்டு பட்டைகள். புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள், முதல் அதிர்வில் பட்டைகள் தளரும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளில் சிவப்புத் துணியோ விளக்கோ வேண்டும். எவ்வளவு நீட்டலாம் என்பது அந்தந்த நாட்டுச் சாலை விதியைப் பொறுத்தது. ட்ரெய்லர் உள்ளே வருவதற்கான கடைசி நேரத்தைப் பாருங்கள். போட்டி மதியம் என்றாலும் ட்ரெய்லர் காலையிலேயே வந்தாக வேண்டும் என்று பல இடங்களில் விதி இருக்கும்.

8. போட்டி நாளில்

புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். மேலே துடுப்புப் போட்டுப் போகும் நேரம், இறங்கும் வரிசை, படகுச் சோதனை, ரிக்கர் பூட்டுதல், அணிக் கூட்டம், எண் அட்டை வாங்குதல். மூன்று மணி நேரம் முன்னால் வந்து சேர்ந்தால் பதற்றமில்லாமல் முடியும்.

காத்திருக்கும் நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. புறப்படும் இடத்துக்கு மேலே வரிசையாக நிற்க வைப்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். வியர்த்த உடம்போடு காற்றில் உட்கார்ந்தால் குளிரும். வெயிலில் உட்கார்ந்தால் உடம்பில் நீர் வற்றும். ஒவ்வொருவருக்கும் கழற்றக்கூடிய ஒரு மேலுடை, தண்ணீர் பாட்டில், தொப்பி. காத்திருக்கும்போதும் படகு மெல்ல நகர்ந்துகொண்டேதான் இருக்கும். முன்னால் இருக்கும் இருவர் அவ்வப்போது ஓரிரு துடுப்புப் போட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். மார்ஷல் கூப்பிடுவது உங்கள் எண்ணைத்தான், கிளப் பெயரை இல்லை. எல்லோருக்கும் எண் தெரிந்திருக்கட்டும்.

முந்தப்படும் படகு வழிவிட வேண்டும் என்பது பெரும்பாலான போட்டிகளின் விதி. எந்தப் பக்கம் என்பது மாறும். பின்னால் வருகிறவர் நெருங்கிவிட்டார் என்றால் அடம்பிடிக்காமல் விலகுங்கள். தடுத்தால் நேரத் தண்டனை கிடைக்கும், துடுப்புகள் சிக்கினால் இரண்டு அணியுமே நின்றுவிடும்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் நிறுத்தாதீர்கள். களைப்பில் எல்லோரும் சாய்ந்துவிடத்தான் விரும்புவார்கள். ஆனால் பின்னால் அடுத்த படகு முழு வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது. மெதுவாகவாவது துடுப்புப் போட்டு விலகிப் போய்க்கொண்டே இருங்கள்.

9. கவிழ்ந்தால்

படகை விடாதீர்கள். படகு மிதக்கும், கரை பக்கத்தில் இருப்பதுபோலத் தெரிந்தாலும் நீந்திப் போக முயலாதீர்கள். படகு தடுப்பணை பக்கமோ தூண் பக்கமோ போகிறது என்றால் மட்டும் விட்டு விலக வேண்டும்.

வெளியே வந்ததும் காக்ஸ் எண்ணச் சொல்வார். முன்முனையிலிருந்து ஒன்று, இரண்டு என்று ஒவ்வொருவரும் தன் இருக்கை எண்ணைக் கத்த வேண்டும். ஓர் எண் விடுபட்டால் அவர் படகுக்கு அடியில் இருக்கிறாரா என்று பக்கத்து இருக்கைக்காரர் பார்ப்பார். அதற்காகவே இரண்டிரண்டு பேராக ஜோடி பிரித்துவிடுங்கள். பிறகு உடம்பை எவ்வளவு முடியுமோ அவ்வளவு படகின்மேல் ஏற்றிக்கொண்டு, கையை உயர்த்தி அசைத்து உதவி கேளுங்கள். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும்.

குளிர்ந்த நீருக்கு, கனடா ஆய்வாளர் கார்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1-10-1 என்ற கணக்கை நினைவில் வையுங்கள். முதல் ஒரு நிமிடம் மூச்சு திணறும். பதறாமல் மூச்சைக் கட்டுக்குள் கொண்டு வாருங்கள். அடுத்த பத்து நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும். ஏற வேண்டியது அப்போதுதான். ஒரு மணி நேரம் வரை நினைவு இருக்கும்.

மீட்புப் படகு வரும்போது பின்பக்கம் போகாதீர்கள், அங்கே இயந்திர விசிறி சுழலும். ஓட்டுநர் சொல்லும் பக்கத்தில் மட்டும் பிடியுங்கள். கரையிலிருந்து பையில் அடைத்த கயிறு எறியப்பட்டால் பையைப் பிடிக்காமல் கயிற்றைப் பிடியுங்கள், பைக்குள் இன்னும் கயிறு மிச்சம் இருக்கலாம். அதைக் கையில் சுற்றிக் கட்டாதீர்கள்.

10. கரையேறிய பிறகு

தலை எண்ணுங்கள். வெளியே வந்துவிட்டோம் என்று பொறுப்பாளர் கட்டுப்பாட்டு மேசையில் சொல்ல வேண்டும், எண் அட்டையைத் திருப்ப வேண்டும். முன்பணம் கட்டியிருந்தால் இப்போதே வாங்கிவிடுங்கள். மோதல், கவிழ்தல், மயிரிழையில் தப்பியது எதுவாக இருந்தாலும் அன்றைக்கே சம்பவப் படிவம் நிரப்புங்கள். படகில் சேதம் இருந்தால் கிளம்பும் முன் படம் எடுத்து, எதிர் அணியின் பொறுப்பாளர் பெயரையும் படகு எண்ணையும் வாங்குங்கள். காப்பீட்டுக்கு அறிவிக்கும் கெடு குறுகியதாக இருக்கலாம், அன்றிரவே எழுதுங்கள்.

ஆட்சேபணை இருந்தால் அதற்கும் நேரக் கெடு உண்டு. சில இடங்களில் கரையேறியவுடனே சொல்ல வேண்டும்.

சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், கைக் கொப்புளங்களைச் சுத்தம் செய்து மூடுங்கள். ஆற்று நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். அடுத்த மூன்று நான்கு வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல், தசைவலி, கண் சிவத்தல் வந்தால் ஆற்று நீரில் இருந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் ட்ரெய்லரில் படகுகளை ஏற்றுங்கள். களைத்த கைகள் தளர்வாகத்தான் கட்டும், அதனால் எல்லாப் பட்டைகளையும் துடுப்புத் தொடாத அந்த ஒருவரே கடைசியாகச் சரிபார்க்கட்டும்.